ஒரு தடவைதான் தட்டினேன்

கொக்கே, உன்னைப் பற்றி எழுதித் தரும்படி உன் கூட்டாளிகள் கேட்கிறார்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் அவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

கூட்டாளிகளே, நான் கொக்கு என்று கூப்பிடும் என் தம்பி போய்விட்ட செய்தியை உங்களுக்கெல்லாம் உங்களோடு வேலை பார்க்கும் சேகர் போனில் சொன்னார். எனக்கு யாரும் சொல்லவில்லை. மாடி அறைக் கதவை ஆள் வைத்து உடைத்துப் பார்த்தவள் நான்தான்.

பெங்களூர் வேலையை விட்டு எங்கள் ஊர் முக்கூடலுக்கு வந்ததிலிருந்து அவன் அந்த அறையில்தான் கிடந்தான். "உள்ள என்னதாம்லே செய்யுத?" என்று கேட்டேன்.

"லைப்ரரி செய்யுதோம்க்கா. ஒரு கம்ப்யூட்டரு வேற ஊரு கம்ப்யூட்டர்ட்ட இன்டர்நெட் வழியா ஒண்ணு கேக்கணும், அது பதில் சொல்லணும். அதுக்கான புரோகிராம எழுதி வச்சிருக்கோம். வேணுங்கிறவன் எடுத்துக்கிடலாம்."

"ஒரு புஸ்தகத்தையும் காணும். லைப்ரரியாம்."

அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தான்.

தை பிறந்த பிறகு அவனுக்கு அந்தப் புரோகிராமின் அடுத்த பதிப்பைப் பற்றிய நினைப்புதான். நான் பீடி சுற்றும் இடத்துக்கு நோட்டோடு வந்து உட்கார்ந்துகொள்வான். "பதில் வரலன்னா இப்ப உள்ளது விடாம கேட்டுக்கிட்டே இருக்குக்கா. அந்தப் பக்கம் ஏற்கெனவே திணறிக்கிட்டு இருக்கும். இதுவும் போயி இடிச்சா மொத்தமாப் படுத்துரும். ஒருதரம் கேட்டுட்டுக் காத்துக் கெடக்கணும். அப்படி மாத்தப் போறோம்."

"எம்புட்டு நேரம்லே காத்துக் கெடக்க?"

"அதான் பிடிபடல. நீதான் சொல்லேன்."

"ரெண்டு கட்டு பீடி சுத்துத நேரம்."

"சரி, ஒம் பேரப் போட்டே எழுதிருதேன்."

வீட்டிலும் அதே சட்டம்தான். வேலையில் இருக்கும்போது ஒரு தடவை தட்ட வேண்டும், பதில் இல்லையென்றால் போய்விட வேண்டும், அவனே வருவான். ஒரு நாள் மறந்து மூன்று தடவை தட்டிவிட்டேன். அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த மத்தியானம் சோறு கொண்டுபோனேன். ஒரு தடவை தட்டினேன். சத்தமில்லை. தட்டை மூடி வாசலில் வைத்துவிட்டுக் கீழே வந்து பீடியை எடுத்தேன். அரை மணி நேரத்தில் இரண்டு கட்டு முடிந்தது. எழுந்தேன். அவன் கோபம் ஞாபகம் வந்து மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். நாலு கட்டு முடித்து மேலே போனபோது தட்டு வைத்தபடி இருந்தது. நெஞ்சுவலி என்றார்கள். "கொஞ்சம் முன்னாடி..." என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பதினாறு கழிந்து சேகர் வந்து அந்த நோட்டைப் புரட்டினார். என்னென்ன மாற்ற வேண்டும் என்று எல்லாம் எழுதியிருந்தான். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "ஒங்ககிட்ட ஏதாவது சொன்னானாக்கா?" என்று கேட்டார். அன்று நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இப்போது சொல்கிறேன். குறைவான நேரம் போடுங்கள், தம்பிகளா. பதில் வராவிட்டால் இன்னொரு தடவை கேட்கும்படி எழுதுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நோட்டில் அவன் எழுதியதை நீங்கள் நகல் எடுத்துக்கொண்டீர்கள். நோட்டு என்னிடம் இருக்கட்டும். அந்த வெற்றிடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கொக்கே, மூணாவது கட்டுக்கு நான் இலையை எடுத்தப்ப, நீ உள்ள உசுரோட இருந்தியாலே?