உப்புத் தண்ணீருக்கு ஒரு செம்பு

மீன்தொட்டி வைத்துக் கொடுக்கிற தொழிலில் நம்மைக் குறை சொல்லாத ஒரே ஜீவன் மீன்தான். அதுவும் தன் குறை என்னவென்று சொல்லாமலே செத்துப்போகும். வீடு வீடாகப் போய் எதையாவது மாட்டி, ஓடவிட்டு, "நல்லா ஓடும் அண்ணாச்சி" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வருகிற எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும். ஏசி மாட்டுகிறவர், மோட்டார் இறக்குகிறவர், நான்: போன் அடித்தாலே பைக் சாவியைத் தேடுகிற ஜாதி நாம்.

சங்கரன்கோவிலில் பன்னிரண்டு வருஷமாகத் தங்கமீனும் கப்பியும் விற்கிறேன். கடல் தொட்டி வேறு சங்கதி. உப்புத்தண்ணீர், பாறை, பவளப்பூச்சி என்று கடலையே கண்ணாடிக்குள் உட்காரவைக்க வேண்டும். இதுவரை ஒரே ஒரு வீட்டில்தான் வைத்திருக்கிறேன். அந்த ஒன்று படுத்திய பாடு இருக்கிறதே, கேளுங்கள்.

ஒன்றுமே இல்லாத தொட்டி

பேச்சிமுத்து அண்ணாச்சி வளைகுடாவில் ஒரு பெரிய ஹோட்டலில் இருபத்து மூன்று வருஷம் துப்புரவு வேலை பார்த்தவர். அந்த ஹோட்டல் ஹாலில் சுவர் உயரத்துக்கு ஒரு கடல் தொட்டி உண்டாம். அதன் கண்ணாடியைத் துடைப்பது இவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு அந்த மீன்களைத்தான் காட்டுவாராம். வேறு என்னத்தைக் காட்ட? எட்டுப் பேர் படுத்துக்கிடக்கிற அறையையா? இப்போது ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் அவரும் அவர் சம்சாரம் கோமதி மதினியும் மட்டும். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் சேர்ந்தாற்போல ஒரு வீட்டில் இருந்திராத இரண்டு பேர். அவர் அசையாமல் நாற்காலியில் இருப்பார், மதினி அடுப்பங்கரையில் இருப்பார். அளவெடுக்கப் போன எனக்கே மூச்சு முட்டியது.

நாலடித் தொட்டி. ஆர்ஓ தண்ணீரில் கடல் உப்பைக் கரைத்து நிரப்பினேன். நம் கடலில் பவளத்தைத் தொட்டால் சட்டம் பிடித்துக்கொள்ளும் என்று முதல் நாளே சொல்லிவிட்டு, செயற்கைப் பாறையை அடுக்கினேன். பம்பு ஓடியது. "மீன் எப்பம் வே விடுவீரு?" என்றார். "நாப்பது நாள் ஆகும் அண்ணாச்சி. பாறையில கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி வளரணும். அதுக்கு முந்தி விட்டா, மீனோட கழிவே மீனக் கொன்னுரும்" என்றேன். மனுஷன் முகம் விழுந்துவிட்டது. தெருவே வந்து வெறுந்தண்ணீரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது. போதாததற்கு மூன்றாவது வாரம் பாறையெல்லாம் பழுப்புப் பாசி. அதே வாரம் ஹோட்டலின் பழைய சூப்பர்வைசர் அண்ணாச்சிக்குப் போன் போட்டு, திரும்ப வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். நான் பைக்கை எடுக்கும்போது மதினி வாசலுக்கு வந்து, உள்ளே கேட்காதபடி சொன்னார்: "தம்பி, அவுகளுக்கு இங்கன இருப்பு கொள்ளல. இந்தத் தொட்டி நிக்கலன்னா திரும்பவும் பிளேன் ஏறிருவாக. எப்பிடியாவது நிப்பாட்டிக் குடுங்க."

குழம்புக் கணக்கு

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் ஏது? நாற்பது நாள் எப்படியோ ஓடியது. சென்னையில் வளர்த்து விற்கிற ஒருவரிடமிருந்து பவளப்பூச்சி மூன்று கொத்து வரவழைத்துப் பாறையில் ஒட்டினேன். பச்சையும் ஊதாவுமாகப் பூ மாதிரி விரிந்தன. அண்ணாச்சி நாற்காலியைத் தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்தாம் நாள் போன்: "எல்லாம் வாய மூடிட்டு வே."

ஓடிப்போய் உப்பை அளந்து பார்த்தால் இருக்க வேண்டியதைவிட ஏகத்துக்குக் கூடிக் கிடக்கிறது. விஷயம் இதுதான். நம் ஊர் வெயிலுக்குத் தொட்டியில் தினமும் விரல்கடைத் தண்ணீர் வற்றும். அண்ணாச்சி கடமை தவறாத மனுஷர். வற்றிய அளவுக்கு உப்புத்தண்ணீர் கலக்கி, தினமும் காலையில் நிரப்பியிருக்கிறார். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே கிடக்கும், அதனால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று பேப்பரில் சூரியன், அம்புக்குறி எல்லாம் வரைந்து அரைமணி நேரம் விளக்கினேன். அவருக்கு ஏறவில்லை. அன்றுவரை அந்தத் தொட்டிப் பக்கமே வராத மதினி, கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்துச் சொன்னார்: "குழம்பு வத்திட்டுன்னா வெந்நிதான ஊத்துவோம்? மறுபடியும் உப்பள்ளிப் போடுத கூறுகெட்டவ எவ இருக்கா?"

புற்றுமண்

அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுவது மதினி பொறுப்பாகிவிட்டது. ஊற்ற வந்தவர் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். பிறகு இரண்டு நிமிஷம். சரி, சூட்டோடு சூடாக மீனை விட்டுவிடுவோம் என்று எனக்கு ஒரு அவசரம். புது மீனைப் பதினைந்து நாளாவது தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். எனக்குத் தெரியாததா? தெரிந்தே தவறினேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு, வந்த அன்றே தொட்டிக்குள் போயின. ஆறாம் நாள் இரண்டின் மேலும் உப்புத்தூள் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி.

நான் போய்ச் சேருமுன் தொட்டித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. எங்கள் ஊர் கோவிலில் புற்றுமண்தான் பிரசாதம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தேமலோ சொறியோ, மேலுக்கு எது வந்தாலும் அதைக் குழைத்துத் தடவிக்கொள்வோம். மதினி காலையிலேயே கோவிலுக்குப் போய் வாங்கிவந்து, இரண்டு மீனுக்கும் வேண்டிக்கொண்டு, ஒரு உருண்டையைக் கரைத்து ஊற்றிவிட்டார். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. "தண்ணியக் கெடுத்துட்டியளே மதினி, ஒரு வார்த்த கேக்கப்படாதா?" என்று கத்திவிட்டேன். கத்தியபிறகுதான் என் யோக்கியதை ஞாபகம் வந்தது. மண் போட்டது அவர், நோயைக் கொண்டுவந்து போட்டது நானல்லவா? மண்ணை உறிஞ்சி எடுத்து, மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி மருந்து போட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில் நானும் கோவிலுக்குள் போய் ஒரு சிட்டிகை நெற்றியில் இட்டுக்கொண்டேன் என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன். வாரக்கணக்கில் வைத்தியம் பார்த்து, இரண்டும் பிழைத்துத் தொட்டிக்குத் திரும்பின. மதினி கண்ணாடியில் விரலை வைத்துக் கொஞ்சிக்கொண்டே சொன்னார்: "உம்ம மருந்தும் கேட்டிருக்கும் தம்பி, நான் இல்லன்னா சொல்லுதேன்?"

கரண்ட் இல்லாத நாள்

எல்லாம் நன்றாகப் போகிறது என்று நான் மூச்சு விட்ட சமயம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது; எல்லா ஊரிலும் உண்டுதான். அதற்காகவே பம்பை இன்வெர்ட்டரில் கொடுத்திருந்தேன். "இன்வெர்ட்டரெ நான் பாத்துக்கிடுதேன்" என்று வாய்ச்சவடாலும் அடித்திருந்தேன். பதினோரு மணிக்கு நான் மேலநீலிதநல்லூரில் ஒரு வீட்டில் தொட்டி கழுவிக்கொண்டிருக்கும்போது மதினி போன்: "தம்பி, இன்வெர்ட்டர் கீகீன்னு கத்திட்டு நின்னுட்டு. மீன் ரெண்டும் மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கு."

பம்பு நின்றால் தண்ணீரில் காற்று இல்லை. அந்த வெக்கையில் மூன்று நான்கு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். "அண்ணாச்சி எங்க?" என்றேன். "திருநெல்வேலிக்கு. எங்கிட்ட கண்ணாசுபத்திரின்னு சொன்னாக. பாஸ்போர்ட்டெ எடுத்துட்டுப் போயிருக்காக" என்றார். கழுவிக்கொண்டிருந்த தொட்டியை அப்படியே விட்டேன். "மதினி, ஒரு செம்பெ எடுங்க. தொட்டித் தண்ணியவே மோந்து, ஒரு முழம் ஒசரத்துலருந்து திரும்ப ஊத்துங்க. டீ ஆத்துத மாதிரி. நிப்பாட்டாதிய, நான் வந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் பைக்கை முறுக்கினேன். பாதி வழியில் பஞ்சர். அதைச் சொன்னால் தனிக் கதை.

போய்ச் சேரும்போது மத்தியானம் மணி ஒன்றரை. மதினி முக்காலி மேல் நின்று ஊற்றிக்கொண்டே இருந்தார். சேலை முழுக்க நனைந்து, காய்ந்து, உப்புப் பூத்திருந்தது. மீன்கள் உயிரோடு இருந்தன. இன்வெர்ட்டரைத் திறந்தால் பேட்டரியில் தண்ணீர் சொட்டுக்கூட இல்லை. தொட்டியில் தண்ணீர் வற்றுவதைப் பற்றிப் படம் வரைந்து பாடம் எடுத்த புண்ணியவான், பேட்டரியில் வற்றியதைப் பார்க்கவில்லை. நாண்டுக்கிட்டுச் சாகலாம் போல இருந்தது. வாங்கி ஊற்றினாலும் காய்ந்துபோன பேட்டரி உடனே எழுந்திருக்காது.

அப்போதுதான் அண்ணாச்சி பஸ்ஸை விட்டிறங்கி வந்து நிலைப்படியில் நின்றார். கக்கத்தில் பாஸ்போர்ட் வைத்த பிளாஸ்டிக் பைல். மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; ஊற்றிக்கொண்டே இருந்தார். "தப்பு எம்பேர்லதான் அண்ணாச்சி" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. மதினியின் கையையும் செம்பையும் பார்த்தார். "அங்கன ஹோட்டல்ல ஒரு நாளும் கரண்டு போனதில்ல" என்று யாருக்கோ சொல்வது மாதிரிச் சொன்னார். மதினி முக்காலியை விட்டு இறங்கி அவர் எதிரே போய் நின்று சொன்னார்: "அங்கன போகாது, இங்கன போகும். இந்தாங்க செம்பு, நீங்க கொஞ்சம் ஊத்துங்க. எனக்குக் கை வலிக்கு."

பைலை பிரிட்ஜ் மேல் போட்டுவிட்டு அண்ணாச்சி செம்பை வாங்கிக்கொண்டார். ஐந்து மணிக்குக் கரண்ட் வரும்வரை இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஊற்றினார்கள். எனக்கு அங்கே நிற்க வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. போன வாரம் பவளப்பூச்சிக்குத் தீனி கொடுக்கப் போயிருந்தேன். தொட்டிக்கு எதிரே இரண்டு நாற்காலி கிடந்தது, பைல் அதே பிரிட்ஜ் மேல் தூசி பிடித்துக் கிடந்தது.

ஆகவே சக பாவிகளே, இப்போதெல்லாம் யார் வந்து கடல் தொட்டி கேட்டாலும், கரண்டும் இன்வெர்ட்டரும் கிடக்கட்டும், கை வலித்தால் செம்பை வாங்கிக்கொள்ள வீட்டில் இரண்டாவது ஆள் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறேன்.