யாரும் பார்க்காத பெட்டி

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுவரோ மேசையோ கதவோ, புதிதாக எது எதிரில் வந்தாலும் அதன் ஓரத்தை வலது கட்டைவிரலால் ஒரு தேய் தேய்ப்பாள். பிறகு விரலைத் திருப்பிப் பார்ப்பாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால்தான் அந்தப் பொருளுக்கு மரியாதை. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் என்னோடு பேசிக்கொண்டிருப்பார், அம்மா சமையலறைச் சுவரை விசாரித்துக்கொண்டிருப்பாள். நான் பட்டம் வாங்கியபோது சான்றிதழுக்குச் சட்டம் போட்டு எடுத்து வந்தேன். சட்டத்தைத் தேய்த்தாள். "சாயம் போகுதுடி. உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்றாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்து, கட்டிப்பிடித்து அழுதாள்.

அவள் தொழில் அப்படி. ரயில் பணிமனையில் பெட்டி கழுவும் பிரிவுக்கு அம்மாதான் மேஸ்திரி. அப்பா தவறிய வருஷம் தற்காலிகமாகச் சேர்ந்தவள், அப்படியே நிலைத்துவிட்டாள். நிறுத்தி வைத்த பெட்டிகளில் இரவோடு இரவாக யார் யாரோ வந்து படம் வரைந்துவிட்டுப் போவார்கள். படத்தோடு ஒரு பெட்டியும் வெளியே போகக் கூடாது என்பது உத்தரவு. முதலில் நுரை மருந்தை அடிக்க வேண்டும். ஊறும்வரை நிற்க வேண்டும். பிறகு கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தேய்த்தால் கரைந்த சாயம் வழிந்து கீழே கறை பிடித்துவிடும். கடைசியில் தண்ணீர். அந்த மருந்து வாசனை அம்மாவின் தலைமுடியிலேயே குடியிருந்தது. "காலையில ஜன்னல்ல தலை சாச்சுத் தூங்குறவன் நெத்தியில அழுக்கு ஒட்டக் கூடாது. அவ்வளவுதான் என் வேலை" என்பாள். அப்படித் தூங்குகிறவன் ஒருவனையும் அவள் பார்த்ததில்லை. பெட்டிகள் அவளிடம் எப்போதும் காலியாகத்தான் வந்தன.

வரைகிறவர்களில் ஒருவருக்கு அந்தப் பிரிவில் வைத்திருந்த பெயர் ஒட்டகம். கையெழுத்துக்குப் பதிலாக மூலையில் ஒரு சின்னக் குடை போடுவார். படம் கூரை விளிம்புவரை போகும். "ஆறடிக்கு மேல இருப்பான். அகலமான தோள். திமிர் பிடிச்சவன்" என்று அம்மா அடித்துச் சொல்வாள். அவரைத் திட்டாமல் எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்கியதில்லை.

அந்தக் குடையை ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரிய சுவரொட்டியில் பார்த்தேன். வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா! ஒட்டகத்துக்குக் கண்காட்சி வெச்சிருக்காங்க!"

"எங்கே, ஜெயில்லயா?"

"மியூசியத்துல!"

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "யாருக்கு? நம்ம ஒட்டகத்துக்கா?" அந்த 'நம்ம' எப்போது வந்து சேர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் அதே பேச்சுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் உடுப்பில் நின்றாள். வாசலில் நுரை காத்திருந்தார். பிரிவில் மருந்து அடிப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"நீ எதுக்குடா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? இத்தனை வருஷமா அந்த ஆளுக்கு முதுகு தேய்ச்சு விட்டிருக்கேன். மூஞ்சியை ஒரு தடவை பார்க்க வேண்டாமா?"

மியூசியத்தின் தரை முகம் தெரியும்படி மின்னியது. அம்மா அதற்கு மட்டும் உடனே தலையசைத்தாள். முதல் கூடத்தில், இடிக்கப்பட்ட ஒரு கட்டடத்திலிருந்து அறுத்து எடுத்து வந்த சுவர்த்துண்டு இருந்தது. அதில் ஒரு கிழவர் தன் நிழலையே மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த விளக்க அட்டையை நான் படித்து முடிப்பதற்குள் அம்மாவின் கட்டைவிரல் வேலையில் இறங்கிவிட்டது. காவல் பெண் ஓடி வந்தார்.

"அம்மா! தொடக் கூடாது!"

"தொடலம்மா. பார்த்தேன்."

"விரலால யாராவது பார்ப்பாங்களா?"

"எங்க டிப்போவுல வந்து பாரு."

நுரை சிரிப்பை அடக்க முடியாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். காவல் பெண் அதற்குப் பிறகு எங்களை விட்டு இரண்டடி தள்ளிப் போகவில்லை.

சண்டை இரண்டாவது கூடத்தில் தொடங்கியது. தொடங்கி வைத்தது நான்தான்.

"பாரும்மா, யாருமே திரும்பிப் பார்க்காத சுவரை நின்னு பார்க்க வெச்சுட்டாரு."

"யாரைக் கேட்டு வரைஞ்சான்? சுவருக்குச் சொந்தக்காரன்னு ஒருத்தன் இருப்பான்ல?"

"ஊர் முழுக்க விளம்பரம் ஒட்டுறாங்களே, உன்னையும் என்னையும் கேட்டா ஒட்டுறாங்க?"

"அவன் காசு கட்டுறான்டி."

"காசு கட்டினா அசிங்கம் அழகாயிடுமா?"

"பாயின்ட்டுக்கா" என்றார் நுரை.

"நீ யார் பக்கம்டா?"

"டீ வாங்கிக் குடுக்கிறவங்க பக்கம்."

எனக்கு உற்சாகம் ஏறியது. கல்லூரியில் கேட்ட சொற்களையெல்லாம் இறக்கினேன். பொதுவெளி என்றேன், எதிர்ப்பு என்றேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உனக்கு இந்தப் படம் பிடிச்சிருக்கா?" என்றாள். எதிரில் ஒரு பெண் தொலைபேசிக் கம்பிகளில் தலைவாரிக்கொண்டிருந்தாள். பிடித்திருக்கிறது என்றேன். பிடித்துத்தான் இருந்தது. ஆனால் படத்தைப் பார்த்த பிறகு பிடித்ததா, இது பிடிக்க வேண்டிய படம் என்று தெரிந்த பிறகு பிடித்ததா என்று யோசனை வந்து, அடுத்த மூன்று படங்களையும் அட்டையைப் படிக்காமல் பார்த்தேன். இரண்டு பிடித்தன. ஒன்று வெறும் வெட்டி வேலை. அம்மாவிடம் அதைச் சொன்னேன். அதே படத்தை அவளும் கழித்திருந்தாள். இருவரும் கைதட்டிக்கொண்டோம், காவல் பெண் முறைத்தார்.

மூன்றாவது கூடத்தில் ரயில் பெட்டிகளின் புகைப்படங்கள் வருஷ வரிசையில் இருந்தன. அம்மாவின் நடை மாறியது. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைக் கண்டதுபோல ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றாள். "டேய் நுரை, இது அந்த மழைக்காலத்துல வந்தது. இதைத் தேய்க்க முடியாம நீ அழுதியே!" என்றாள்.

"நான் எங்கக்கா அழுதேன்? மருந்து கண்ணுல பட்டுச்சு."

"முதல் வருஷத்துப் படத்தைப் பாரு. கையா இது? ரப்பர் கையுறையை ஊதி விட்ட மாதிரி. இங்கே வந்து பாரு, விரல் பேசுது. நாங்க அழிக்க அழிக்கத்தான் இவனுக்குக் கை வந்துச்சு. விட்டு வெச்சிருந்தா முதல் படத்தையே பார்த்து மயங்கி உட்கார்ந்திருப்பான்."

"அப்போ அட்டையில உன் பேரையும் போடச் சொல்லவா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. "போட்டா என்ன குறைஞ்சிடும்?" என்றாள்.

கடைசிக் கூடத்தில் படமே இல்லை. ஒரு பெட்டியின் நீளத்துக்குச் சாம்பல் நிறத் தகடு மட்டும் சுவரோடு நின்றது. பக்கத்தில் அட்டை. அம்மாவுக்காக உரக்கப் படித்தேன்.

"'தூங்குகிறவர்கள். நான் வரைந்ததில் சிறந்தது இதுவாக இருக்கலாம். விடிவதற்குள் கழுவப்பட்டது. புகைப்படம் இல்லை. யாரும் பார்க்கவில்லை.'"

"திருப்பிப் படி."

படித்தேன்.

"யாரும் பார்க்கலையா? அப்போ நான் யாரு, தூணா?"

காவல் பெண் மட்டுமல்ல, கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். நுரை மெதுவாக, "அக்கா, ஒருநாள் வேலை தொடங்குறதுக்கு முன்னாடியே எங்களை டீ குடிக்க அனுப்பிட்டு முதல் பெட்டியை நீங்களே கழுவி முடிச்சீங்களே, அன்னிக்கா?" என்றார். டீ எப்போதும் முதல் பெட்டியை முடித்த பிறகுதான். அன்றைக்கு ஏன் மாறியது என்று அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. அம்மா நேராகக் காவல் பெண்ணிடம் போனாள்.

"இதை எழுதினவர் இருக்காரா?"

"மாடியில இருக்காரு. எதுக்கும்மா?"

"பொய் எழுதி வெச்சிருக்காரு. மாத்தணும்."

அவள் போய் நின்று என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துவிட்டது. 'கழுவியது நான்' என்று அவள் இத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லாமல் அந்த வரியை மாற்ற வழியில்லை.

"வேண்டாம்மா, போயிடலாம்" என்றேன்.

"ஏன்? நான் என்ன திருடினேனா?"

படியில் இறங்கி வந்தவர் அம்மாவின் தோளுக்குத்தான் இருந்தார். வழுக்கை, தடித்த கண்ணாடி, கொஞ்சம் தொப்பை. அம்மா அவருக்குப் பின்னால் இன்னும் யாரோ வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"நீங்களா? உயரம் எங்கே?"

"என்னம்மா?"

"கூரை வரைக்கும் வரைவீங்களே!"

"மடக்கு ஏணி" என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. நுரை, "ஆறடி! அகலமான தோள்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

அம்மா சிரிக்கவில்லை. தகட்டைக் காட்டினாள். "யாரும் பார்க்கலைன்னு எழுதியிருக்கீங்க. நான் பார்த்தேன். கழுவினவ நான்தான்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க. என்ன இருந்துச்சு? நான் இருட்டுல வரைஞ்சது. கைக்குத்தான் தெரியும், கண்ணால பார்த்ததில்லை. மறுபடி எத்தனையோ தடவை முயற்சி பண்ணிட்டேன், வரவே இல்லை."

அம்மா தகட்டின் இடது ஓரத்துக்குப் போனாள். "இங்கே முதல் ஜன்னல். அதுக்குக் கீழே ஒரு தடியன், வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குறான். அவன் தோள்ல பக்கத்துல இருக்கிற பொண்ணு சாஞ்சிருக்கா. அவளுக்கு இவன் யாருன்னே தெரியாது. அவ மேல ஒரு பையன். இப்படியே ஒருத்தர் மேல ஒருத்தர், பெட்டி முழுக்க. நான் கழுவுற பெட்டியில ஆளுங்க இருந்து அன்னிக்குத்தான் பார்த்தேன்."

"அப்புறம்? அப்புறம்?"

"கடைசியில ஒரு அம்மா. இடம் கிடைக்கலை. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னபடியே தூங்குறா. உங்களுக்குப் பச்சை தீர்ந்துபோச்சோ என்னவோ, அவ சட்டை பாதி பச்சை, பாதி நீலம்."

"ஆமா! டப்பா தீர்ந்துடுச்சு! ஆமா!" அவர் குதிக்காத குறை. கூட்டம் அம்மாவின் கை போன இடத்துக்கெல்லாம் நகர்ந்தது. அவள் கை கீழிருந்து மேலாகவே போனது. ஒரு கிழவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அங்கே தகடுதான் இருந்தது. காவல் பெண் என் தோளைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து, "நின்னுக்கிட்டா தூங்கினா?" என்று கேட்டார்.

ஓவியர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அட்டையின் கடைசி வரியை அடித்துவிட்டு, 'ஒருவர் பார்த்தார்' என்று எழுதினார். எல்லோரும் கைதட்டினார்கள். நுரை விசிலடித்தார். அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அந்த ஆரவாரத்தில்தான் ஓவியர் சாதாரணமாகக் கேட்டார்.

"எப்படிம்மா இருந்துச்சு? நல்லா இருந்துச்சா?"

காலையிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் நின்ற இடத்தில் தீர்ப்புச் சொன்னவள் அம்மா. இதற்கு மட்டும், "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

பேருந்தில் நுரை விடவில்லை. "ஒரு வார்த்தைதானேக்கா. சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"நல்லா இல்லைன்னு சொன்னா என் வாய் வெந்துடும். நல்லா இருந்துச்சுன்னு சொன்னா? தெரிஞ்சே ஏன் கழுவினேன்னு ஆகுமில்ல?"

"அது உன் வேலைம்மா. உத்தரவு" என்றேன்.

"அதை மேலதிகாரிகிட்டச் சொல்லலாம். அவன்கிட்டச் சொல்ற பதிலா அது?"

கல்லூரியில் கேட்ட சொற்களில் ஒரு பதிலைத் தேடினேன், கிடைக்கவில்லை.

கண்காட்சி முடிந்து மாதங்கள் ஆகின்றன. ஓவியரிடம் என் எண்தான் இருக்கிறது. தவறாமல் அழைப்பார். நலம் விசாரிப்பார். கடைசியில், "அம்மா யோசிச்சு முடிச்சிட்டாங்களா?" என்பார். நேற்றும் கேட்டார். போனை அம்மாவிடம் நீட்டினேன். கை ஈரமாக இருக்கிறது என்று சைகை காட்டினாள்.

கை காய்ந்துதான் இருந்தது.