கல்வீட்டில் உடைந்த தேங்காய்

ரங்கூன் வெயிலில் ஒரு குளிர்தேசத்து வீட்டைக் கட்டி எழுப்ப இயலுமா என்று எங்கள் வாலிபர் சங்கத்தில் விவாதத் தலைப்பு வைத்திருந்தால், இயலாது என்ற பக்கத்தை ஏற்று அவையை நான் வென்றிருப்பேன். ஆனால் அந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தவர் என் தந்தை.

அவர் கட்டட மேஸ்திரி. ரங்கூனை அடுத்த தின்கன்ஜூனில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே கூரையிழந்து நின்ற பழைய கல் கிடங்கு ஒன்றை அரிசிக் கம்பெனித் துரை ஒருவர் வாங்கியிருந்தார். அரிசி ஏற்ற வந்த கப்பல்கள் அடிப்பாரமாகக் கொண்டுவந்து போட்டாதாங் துறைமுகக் கரையில் கொட்டிய கற்களால் எழுந்த சுவர்கள் அவை. துரை தம்மை ஆங்கிலேயர் என்று யாரேனும் சொன்னால் முகம் சுளிப்பார். தாம் வேல்ஸ் நாட்டவர் என்று திருத்துவார். அந்நாட்டு மலையடிவாரத்தில் அவர் பிறந்த வீட்டைப் போலவே இதைப் புதுப்பித்து, சனி ஞாயிறுகளில் வந்து தங்க வேண்டும் என்பது அவர் ஆசை. முழ அகலச் சுவர், அதில் குழிந்து அமர்ந்த சிறு ஜன்னல்கள், உள்ளே வெள்ளையடிப்பு, தாழ்ந்த உத்தரம், நடுக்கூடத்தில் ஒரு கணப்படுப்பு.

"துரை அவுக ஊர்ல குளிருக்குக் கட்டுனத, இங்க வேர்க்கிறதுக்குக் கட்டுறாரு" என்று எங்கள் கொத்தனார்கள் சிரித்தார்கள். துரைக்கும் தந்தைக்கும் இடையே மொழிபெயர்த்தவன் நான். கல்லூரி விடுமுறையை அந்தச் சுண்ணாம்புத் தூசியில் கழித்தேன்.

அந்த வீட்டுக்கு ஒரு காவல் வேண்டியிருந்தது. தோப்பில் தனியே தங்க யாரும் இசையவில்லை. என் சித்தப்பாவின் மனைவி இசைந்தார். அவர் பர்மியப் பெண். துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பா காலராவில் இறந்ததும், அவர்கள் குடியிருந்த லயன் அறை வேறொரு தொழிலாளிக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டில் இடமில்லை என்று என் தாய் சொல்லிவிட்டார். உண்மையில் இடம் இருந்தது. ஆகவே துரை சமையலுக்கும் காவலுக்கும் சம்மதித்துப் பின்புற அறையைச் சின்னம்மாவுக்கு ஒதுக்கியபோது, அவருக்குக் கிடைத்தது வேலை மட்டுமன்று. தலைக்கு மேல் எஞ்சியிருந்த ஒரே கூரையும் அதுதான். முதல் வாரத்திலேயே பாயும் பானையுமாக வந்து குடியேறினார்.

என் தந்தை அவரோடு பேசியதில்லை. தம்பி மனைவியிடம் மூத்தவர் நேரில் பேசலாகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்கு மேலும் ஒன்று இருந்தது: தம்பி பர்மியப் பெண்ணை மணந்த நாள் முதல் அவர் தம்பியின் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. தம்பி இறந்த அன்றும் தெருவில் நின்றுவிட்டுத் திரும்பினார். சின்னம்மாவிடம் ஏதேனும் சொல்ல வேண்டியிருந்தால் என்னைப் பார்த்துச் சொல்வார். இரண்டடி தள்ளி நிற்கும் சின்னம்மாவும் என்னைப் பார்த்தே பதில் சொல்வார்.

துரையின் மனைவி கப்பலில் வந்து சேரும் சனிக்கிழமைக்கு முந்திய நாள். மரத்தரையில் இன்னும் ஒரு மூலை பாக்கி. பர்மியத் தச்சர்கள் அதை இழைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நேரத்துக்குள் பூஜை போட்டுவிட வேண்டும் என்று தந்தை பரபரத்தார். நான் வாசலில் வண்டிக்காரனிடம் வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே தேங்காய் உடையும் ஓசை கேட்டது. அடுத்து ஒரு பெருமூச்சு, பலர் சேர்ந்து விட்டது. காய் அழுகல். புது வீட்டுப் பூஜையில் அழுகல் காய் உடைந்தால் எங்கள் மனிதர்கள் முகம் எப்படி வெளுக்கும் என்பது அறிந்தவர்களுக்குத் தெரியும். வேறு காய் கைவசம் இல்லை, தோப்புக்குப் போய்ப் பறித்துவர அவகாசமும் இல்லை. நல்ல நேரமோ கழிந்துகொண்டிருந்தது. மறுபடியும் ஓர் ஓசை கேட்டது. "ஆங், பால் மாதிரி இருக்கு!" என்ற தந்தையின் குரல் மகிழ்ச்சியாக ஒலித்தது.

நான் உள்ளே சென்றபோது கூடத்து மரத்தூண் வெறுமையாக நின்றது. பிரம்புச் சட்டம் தரையில் கிடந்தது. அதன் மேல் சிவப்புத் துணி.

அந்தச் சட்டத்தில் சின்னம்மா தொங்கவிட்டிருந்த தேங்காயைத்தான் தந்தை உடைத்திருந்தார்; அதைப் போன்றதைச் சித்தப்பாவின் வீட்டில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பர்மியர் வீட்டைக் காக்கும் நாட் என்னும் தெய்வத்துக்கு உரியது அது. அந்தத் தெய்வம் மனிதனாக இருந்தபோது தீயில் வெந்து இறந்தவன் என்பது நம்பிக்கை. இளநீரின் குளிர்ச்சி அவன் எரிவைத் தணிக்கும். ஆகையால் காய் காம்போடு முழுசாகத் தொங்க வேண்டும். நமக்குத் தேங்காய் உடைத்தால் மங்கலம். அவர்களுக்கு அந்த ஒரு தேங்காய் உடையாதிருப்பதே வீடு. தம்பியின் வீட்டுக்குள் ஒரே ஒருமுறை சென்றிருந்தாலும் என் தந்தை இதை அறிந்திருப்பார்.

சின்னம்மா கிணற்றிலிருந்து குடத்தோடு வந்தார். பார்த்தார். குடத்தை இறக்கிவைத்து, உடைந்த மூடிகளைத் தம் தோள்துணியில் பொறுக்கிக் கட்டினார். பின்புற அறைக்குள் சென்று பாயைச் சுருட்டத் தொடங்கினார். தச்சர்கள் ஒருவர் பின் ஒருவராக இழைப்புளிகளைக் கீழே வைத்தார்கள்.

"எங்கே போவீர்கள் சின்னம்மா?" என்றேன்.

"தெரியல. அந்தத் தண்ணி கொட்டின எடத்துல நான் படுக்கமாட்டேன்."

மறுநாள் நண்பகலில் துரை வருவார். காவலுக்கு ஆள் இல்லாமல் வீட்டை விட்டு வைக்க மாட்டார். வேறு ஆளை அமர்த்திவிடுவார். அதன்பின் சின்னம்மாவுக்கு அந்த அறை இல்லை. எந்த அறையும் இல்லை.

நான் கூடத்தின் நடுவில் நின்று தச்சர்களை நோக்கிப் பர்மிய மொழியில் பேசினேன். சங்க மேடையில் பயின்றது வீண்போகவில்லை என்பதை இன்றும் சொல்வேன். அறியாமையும் அவமதிப்பும் ஒன்றல்ல என்று தொடங்கினேன். கை செய்த பிழைக்கு மனம் பொறுப்பாகுமா என்று கேட்டேன். நீங்கள் மன்னித்து இன்று மாலைக்குள் அந்த மூலைத் தரையை முடித்தால் சின்னம்மாவும் தங்குவார், ஒரு பெண்ணின் உறைவிடம் உங்கள் கையில் தொங்குகிறது என்று முடித்தேன். அவர்கள் கடைசிச் சொல்வரை கேட்டார்கள். தலைமைத் தச்சர், நரைத்த கொண்டை போட்ட கிழவர், வாயிலிருந்த சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"நல்லாப் பேசற தம்பி. எங்க ஊர்க் கூத்துல உன்னைச் சேர்த்துக்கலாம். ஆனா உடைச்சது நீயா?"

"இல்லை."

"உடைச்சவருக்கும் வாய் இருக்குல்ல?"

தச்சர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வாதம் அவர் பக்கம் இருந்தது.

தந்தை வாசலோரம் நின்றார். அவருக்குப் பின்னால் எங்கள் கொத்தனார்கள் அத்தனைபேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"அவகிட்ட சொல்லு" என்றார் தந்தை என்னைப் பார்த்து. "சந்தையிலிருந்து பத்து காய் வாங்கித் தரேன்னு சொல்லு."

"ஒங்கப்பாகிட்ட சொல்லு" என்றார் சின்னம்மா, அவரும் என்னைப் பார்த்து. "சந்தைக்கு எனக்கும் வழி தெரியும்னு."

"தெரியாமப் பண்ணினதுக்கு என்ன செய்யணுமாம்? கேளு."

நான் கேட்கவில்லை. இருவருக்கும் நடுவே நின்றிருந்த இடத்தைவிட்டு விலகிச் சுவரோரம் போனேன்.

"கேளுடா!"

"இனி நான் எதையும் எடுத்துச் சொல்லமாட்டேன், அப்பா. நீங்களே கேளுங்கள்."

"என்னடா, இதென்ன ஒன் மேடையா? தம்பி பொண்டாட்டிகிட்ட நான் பேசறதா? இத்தனபேர் முன்னாடி?"

"இத்தனை பேர் முன்னால்தானே உடைத்தீர்கள்."

அவர் கை ஓங்கினார். அந்த அடி விழவில்லை; விழுந்திருந்தாலும் நான் நகர்ந்திருக்க மாட்டேன். வெளியே வண்டிமாடு மணியை ஆட்டியது. சின்னம்மா பாயை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். வாசலை அடைத்தாற்போல் நின்றவர் என் தந்தை. அவர் விலக வேண்டும், அல்லது பேச வேண்டும்.

அவர் தலைப்பாகையை அவிழ்த்தார். தூணைப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் சொன்னார்.

"எனக்குத் தெரியாதும்மா. ஒங்க வீட்டுல இப்படி ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தெரியாது."

"எப்படித் தெரியும்?" சின்னம்மாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "அவரு செத்துக் கெடந்தப்பவும் தெருவுலயேதான நின்னீங்க."

தந்தை தூணருகே வந்து கீழே கிடந்த சட்டத்தையும் சிவப்புத் துணியையும் எடுத்தார். பிறகு கொத்தனார் ஒருவரைத் தோப்புக்கு அனுப்பினார். காம்போடு ஒரு தேங்காய் வந்தது. ஏணியை யார் பிடிப்பது என்று எங்கள் ஆட்கள் தயங்க, தலைமைத் தச்சரே வந்து பிடித்தார். தந்தை ஏறினார்.

"காம்பு மேல வரணும்" என்றார் சின்னம்மா கீழேயிருந்து. எனக்கல்ல, அவருக்கு.

"இப்படியா?"

"இன்னும் நேரா. துணிய இறுக்காதீங்க, தலையில கட்டுற மாதிரி கட்டுங்க."

"எங்க ஊர்த் தலைப்பா மாதிரியா, ஒங்க ஊரு மாதிரியா?"

தலைமைத் தச்சர் ஏணி குலுங்கச் சிரித்தார். சின்னம்மா சிரிக்கவில்லை. ஆனால் பாயைத் தரையில் சாய்த்து வைத்திருந்தார்.

இழைப்புளிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. தந்தை இறங்கி, தூசியைத் தட்டிக்கொண்டு, தலைப்பாகையைக் கையில் வைத்தபடியே வாசலுக்கு நடந்தார்.

"தேத்தண்ணி போடுறேன். உள்ள வந்து குடிச்சிட்டுப் போங்க, அக்கோ" என்றார் சின்னம்மா. பர்மியத்தில் அண்ணனை அழைக்கும் சொல் அது.

தந்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன பதில் சொல்வது என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் வெளியே சென்று வண்டிக்காரனிடம், புறப்பட இன்னும் நேரமாகும் என்று சொன்னேன்.