விசிறிவாலுக்கு வந்த புதுப் பெயர்

என் மாமா கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். பறவைகளின் பெயரை மாற்றினால் அவருக்குப் பொறுக்காது.

அம்மாவின் தம்பியான அவர் மலேசியாவில் எங்களோடு பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு கிள்ளான் ஆற்றோரத்துக் கண்டல் காட்டுக்குக் கிளம்பிவிடுவார். அட்டை பிய்ந்த பறவைப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அதில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் அவருக்குப் பெயர்.

மேல்மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்த அக்கா, கோயம்புத்தூரிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவருக்கும் பறவைப் பித்து என்பது லிஃப்டில் நடந்த பேச்சில் தெரியவந்தது. அடுத்த ஞாயிறே மாமாவின் காரில் அவரும் ஏறினார். அம்மா என்னை அவசரமாக எழுப்பி, தலை சீவி, பின்சீட்டில் உட்கார்த்திவிட்டார். எனக்கு ஒன்பது வயது. என் கண் கூர்மையானது என்பதால்தான் கூட்டிப்போகிறார்கள் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

முதல் நாளே சண்டை. கறுப்பும் வெள்ளையுமான ஒரு சின்னப் பறவை, வாலை விசிறியாக விரித்துக்கொண்டு கிளைக்குக் கிளை குதித்தது. ஓரிடத்தில் நிற்காததால் மலாய்க்காரர்கள் அதைப் பைத்தியம் என்றே அழைப்பார்கள்; ‘முராய் கீலா’.

“பைட் ஃபேன்டெய்ல்,” என்றார் மாமா.

“இப்ப அது மலேசியன் பைட் ஃபேன்டெய்ல், சார். பிலிப்பைன்ஸ்ல இருக்கறது வேற இனம்னு பிரிச்சுட்டாங்க. ரெண்டுக்கும் தனித்தனிப் பேரு.”

“யாரு பிரிச்சா? குருவிகிட்ட கேட்டாங்களா? சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேன்லா. அப்புறம், இந்த சார் எல்லாம் வேணாம்.”

அக்கா சிரித்துவிட்டார். “நான் பெர்மிட்டுக்காக ஆபிஸ் ஆபிஸா நிக்கறேன். இதுக்கு உட்கார்ந்த இடத்துல உங்க நாட்டுப் பேரையே குடுத்திருக்காங்க. அதைப் போய் வேணாங்கறீங்களே!”

மறு ஞாயிறும் அதே பறவை, அதே சண்டை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஒன்றுதான் புரியவில்லை. சண்டைக்குப் போகிற மனிதர் எதற்காகச் சனிக்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கிறார்?

மழைக்காலம் முடிகிற சமயம், அக்காவின் பெர்மிட்டைப் புதுப்பிக்கவில்லை என்று வீட்டில் பேச்சு வந்தது. அந்த வாரமே அவர் ஊருக்குக் கிளம்ப வேண்டும். “வாயத் தொறந்து கேளேன்டா,” என்று சமையலறையில் அம்மா மாமாவை அதட்டியது காதில் விழுந்தது. பெர்மிட் ஆபிசில் போய்க் கேட்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மாமா கழுவிய தட்டையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார்.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு மூவரும் கண்டல் காட்டுக்குப் போனோம். விசிறிவால் கைக்கெட்டும் தூரத்தில் வந்து குதித்தது. நான் சண்டைக்காகக் காத்திருந்தேன். அவ்வளவு பக்கத்தில் இருந்த பறவையை மாமா பைனாகுலரால் பார்த்துக்கொண்டே நின்றார்.

“மலேசியன் பைட் ஃபேன்டெய்ல்,” என்றார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். “உங்க புத்தகத்துல அப்படி இல்லையே?”

“பரவால்ல. நீங்க சொன்ன பேரே இருக்கட்டும்.”

“அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலையா?”

மாமா பைனாகுலரை இறக்கவில்லை. அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். இத்தனை வாரம் போராடி ஜெயித்தவர் எதற்காக அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

வீடு திரும்பினோம். ஃபிளாட் வாசலில் அக்கா இறங்கி, என் கன்னத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனார். விமானத்தில் போகிறவர்கள் எல்லோரும் பள்ளி விடுமுறைக்கு ஊர் போனவர்கள் போலத் திரும்பி வந்துவிடுவார்கள் என்றுதான் நான் அப்போது எண்ணியிருந்தேன்.

“தோத்துட்டீங்களா மாமா?”

“ஆமாம்மா.”

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பின்சீட்டிலிருந்து எக்கி அவர் தோளைத் தட்டினேன்.

“பரவால்ல மாமா. அடுத்த சண்டே ஜெயிச்சிடலாம்.”

மாமா இன்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“ஜெயிச்சிடலாம்லா,” என்றார்.