வெயிலில் காய்ந்த அரிசிதான் வேண்டும் என்றேன்

ஈரம் முழுவதும் போகாத நெல்லை அரைத்து மூட்டை கட்டக்கூடாது என்பது விதி. உணவு வழங்கல் அலுவலகத்தில் அதைப் பிறருக்கு நினைவூட்டியே ஓய்வுபெற்றவன் நான்.

பேரனுக்கு முதல் சோறு ஊட்டும் சோறூணு வந்தது. பாயசத்துக்கு, நெல்லை அவிக்காமல் காயவைத்து அரைத்த உணக்கலரி வாங்க, வைகாசி மழையில் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனேன்.

"சாமி, இது மெஷின்ல உணக்கினது. அறுப்பு நேரத்துலயே மழை கொட்டுது, மில்லுகாரன் பின்ன என்ன செய்வான்?" என்றார் கடைக்காரர் பிள்ளை.

"பாயசத்துக்கு வெயில்ல உணக்கினதுதான் வேணும் ஓய்."

"வெயிலுக்கு நான் எவிடப் போவேன்?" என்று முனகியபடி, அதே ஆலையின் வேறொரு பையை உள்ளேயிருந்து எடுத்துத் தந்தார்.

சோறூணு அன்று காலை, அரிசி களையப் போன மனைவி கத்தினாள்: "ஏன்னா, மோந்து பாருங்கோ, பூசணம்! இதையா கொழந்தை வாயில வைக்கப் பார்த்தேள்?"

ஓடிப்போய் மெஷின் அரிசியையே வாங்கிவந்தேன். பாயசத்தைப் பேரன் துப்பவில்லை.

இப்போதெல்லாம் அரிசி எங்கே காய்ந்தது என்று நான் கேட்பதில்லை. ஒரு பிடி எடுத்து மோந்து, ஒரு மணியைக் கடித்துப் பார்க்கிறேன்.

விதி இருந்தும் பூசணம் எப்படி வந்தது என்று ஆலைக்குப் பதிவுத் தபாலில் கேட்டிருந்தேன். பதில் இது: "உமியை எரித்த சூட்டில்தான் நெல்லைக் காயவைக்கிறோம். வெயிலில் காய்ந்ததே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்காகக் கொஞ்சம் களத்தில் போட்டோம், மழை வந்துவிட்டது. இனி போடமாட்டோம்."

பதில் கிடைத்த நாள், ஓணப் பாயசமும் குடித்து முடித்த திருவோணத்துக்கு மறுநாள்.