காயாத பாதையில வண்டி ஏறாது

எங்க ஏலத் தோட்டத்துல இருந்து கம்பம்மெட்டுக்கு ஏறுற மண்பாதை ஒண்ணு உண்டு. பொம்பளைங்க நாங்க வேலைக்கும் சந்தைக்கும் நடக்குறது அதுலதான். எழுபதுகள்ல எங்க லயத்து வரிசை வீடுகள்ல இருந்த பயலுக பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி, அந்த மேட்டுல ஏத்தி இறக்கி விளையாட ஆரம்பிச்சானுக. அவனுகளுக்குத் தலைவரு வேற யாரு, தோட்டத்து லாரி மெக்கானிக்கா இருந்த என் வீட்டுக்காரர்தான். ஒரு மழைக்குப் பாதை உழுது போட்ட வயல் மாதிரி ஆயிருச்சு. பக்கத்து வீட்டுக்காரி சுமையோட வழுக்கி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா. இனி ஈரத்துல ஒரு டயர் தடம் பார்த்தாலும் சங்கிலி போட்டுப் பூட்டிருவேன், நடக்கவும் விடமாட்டேன்னுட்டார் தோட்டத்து மேனேஜர் தொரை.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! சோத்தைப் போட்டுக்கிட்டே சொன்னேன்: "ஓட்டணும்னா ஒழுங்கா கிளப்பு வச்சு ஓட்டுங்க. ஞாயித்துக்கிழமை மம்பட்டி பிடிக்காதவன் வண்டியைத் தொடக் கூடாது. மழை பேஞ்சா, பாதை காயுற வரைக்கும் எவனும் ஏறக் கூடாது."

"செக்ரட்டரி யாரு, நீயா?"ன்னு சிரிச்சார்.

"ஆமா, நான்தான்." வண்டியில உட்காரவே பயப்படுற செக்ரட்டரி!

ஞாயித்துக்கிழமை ஆனா பள்ளத்தை மூடுவோம். தண்ணி பாதையோட ஓடாம இருக்க, குறுக்கால சாய்ச்சு வாய்க்கா வெட்டிக் கல் பதிப்போம். பயலுக முணுமுணுப்பானுக. நான் விட்டாத்தானே?

ஐப்பசி அடைமழையில மேட்டுல இருந்து தோட்டத்துக்கு இறங்குற தார் ரோட்டுல மண் சரிஞ்சு, பஸ் மேட்டோட நின்னுட்ட அன்னைக்குக் கம்பத்துல இருந்து எங்கம்மா வந்தா. கூட்டிட்டு வரலாம்னு மேட்டுக்கு ஏறிப் போனா, மண் சரியுறதுக்கு முன்னாடியே ரோட்டு வழியா மேல போயிருந்த இவரு, அம்மாவைப் பின்னால உட்கார வச்சு மண்பாதையில இறங்க வண்டியைக் கிளப்பிக்கிட்டு நிக்கிறார். பயலுக டீக்கடைக்குள்ள இருந்து வேடிக்கை பார்க்குறானுக.

"அத்தைக்கு முட்டு வலி. இன்னைக்கு ஒரு நாள்தானே"ன்னார்.

முட்டு வலி நிசம்தான். அம்மாவைப் பார்த்து ஒரு வருசமாச்சு. ஆனா ஒரு தடம் விழுந்தா எல்லாப் பொம்பளைக்கும் வழி அடைஞ்சிரும். "இறங்கும்மா"ன்னேன்.

"மாப்பிள்ளை ஏத்தி உட்கார வைக்கிறாரு, பெத்த மக இறக்கி விடுறியேடி பாவி!"

வண்டியை டீக்கடையில போட்டுட்டு, அம்மாவோட மூட்டையை நான் தலையில வச்சுக்கிட்டு, கையைப் பிடிச்சு இறக்கினேன். வழியெல்லாம் எனக்கு அழுகையா வந்துச்சு. வெட்டின வாய்க்கா ஒவ்வொண்ணும் தண்ணியைத் தள்ளிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அம்மா கால் வழுக்கவே இல்லை. ஆனா வீடு வந்தும் எங்கூடப் பேசலை. அதுக்கப்புறம் ஒரு பயலும் ஈரத்துல வண்டியை எடுக்கலை, தொரையும் சங்கிலி போடலை.

வெயில் அடிச்சுப் பாதை காஞ்சு, அம்மா ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு, இவரு வண்டியை வாசல்ல கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா ஏறலை. முறைப்பு குறையாம என்னைப் பார்த்துக் கேட்டா:

"செக்ரட்டரியம்மா, ஏறலாமா?"