எடைமேடைக்காரன் வாங்கி வந்த பவர் சப்ளை

எங்கண்ணனுக்கு லாரிகளை நிறுத்தி எடை போடுற எடைமேடையில வேலை. வருஷக்கணக்கா அதையே பார்த்துப் பார்த்து, எந்தப் பொருளா இருந்தாலும் கையில தூக்கிப் பார்க்காம அவனுக்கு மனசு ஆறாது. எனக்குக் குழந்தை பிறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு வந்தான். குழந்தையைத் தூக்கினான், எடையைச் சொன்னான், அதுக்கப்புறம்தான் எனக்கு என்ன பிறந்திருக்குன்னே கேட்டான். நர்ஸ் சிரிச்சிட்டாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. ஆனா சொன்ன எடை சரியாத்தான் இருந்துச்சு, அதுதான் இன்னும் எரிச்சல்.

அண்ணி அவனுக்கு நேரெதிர். கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டர்ல கட்டி, உள்ள நடந்து போற மாதிரி வீடியோ பண்ணிக் காட்டுவாங்க. ஒரு ஆபீஸ்ல பார்த்துட்டிருந்த வேலையை விட்டுட்டு வந்தாங்க. சும்மா வரல, மேனேஜரை நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வந்தாங்க. அப்புறம் சொந்தமாப் பிடிச்ச முதல் வேலை, ஒரு பில்டருக்கு அந்த மாதிரி வீடியோ. நான் சொல்ற இந்த நாளுக்கு மறுநாள் சாயங்காலம் அவரே இங்க வீட்டுக்கு வந்து பார்க்கிறதா பேச்சு. அவருக்குப் பிடிச்சா பொழப்பு ஓடும். இல்லன்னா அந்த மேனேஜர் முன்னாடி போய்க் கைகட்டி நிக்கணும்.

வேலை சீக்கிரம் முடியட்டும்னு அண்ணி பெரிய கிராபிக்ஸ் கார்டு மாட்டி, பிராசசரையும் ஓவர்கிளாக் பண்ணியிருந்தாங்க. அதாவது, கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஓட விடுறது. சும்மா சினிமாப் படம் போட்டுப் பார்த்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. பில்டரோட வீடியோவை உருவாக்குற பெரிய வேலையை ஆரம்பிச்சாங்க, டப்புன்னு அணைஞ்சு போச்சு. மறுபடி ஆரம்பிச்சாங்க, மறுபடி டப்பு.

"ரெண்டும் ஒரே நேரத்துல கரண்டை இழுக்குது, இந்தப் பழைய பவர் சப்ளையால குடுக்க முடியல," என்றார்கள் அண்ணி. எவ்வளவு வேணும்னு கூட்டிப் பார்த்து, மூச்சு விட இடமும் சேர்த்து, கம்ப்யூட்டருக்குக் கரண்டு குடுக்குற அந்தப் பெட்டி எண்ணூத்தி ஐம்பது வாட் இருக்கணும்னு முடிவு பண்ணினாங்க. எந்தக் கம்பெனின்னும் அண்ணன்கிட்ட சொல்லி அனுப்பினாங்க.

கடையில ரெண்டு பெட்டி வச்சாங்களாம். ஒண்ணு அண்ணி சொன்னது. இன்னொண்ணு பேர் தெரியாத கம்பெனி, அதுலயும் அதே எண்ணூத்தி ஐம்பதுதான் போட்டிருந்துச்சு. நம்ம ஆளு விடுவானா? கைக்கொண்ணாத் தூக்கிப் பார்த்துட்டு, எது கனமோ அதை வாங்கிட்டு வந்துட்டான்.

"உள்ள சரக்கு இருந்தாத்தானே கனக்கும்," என்றான் பெருமையா.

அண்ணிக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஆனாலும் மாட்டினாங்க. வேலையை ஆரம்பிச்சாங்க. டப்பு.

கழட்டும்போது உள்ள ஏதோ லொடலொடன்னு ஆடுச்சு. அண்ணன் ஸ்குரூ டிரைவரை எடுத்தான். "தொடாதீங்க, பிளக்கை எடுத்தாலும் உள்ள கரண்டு தங்கியிருக்கும்," என்று அண்ணி தடுத்துட்டாங்க. நான் பெட்டியோட ஃபேன் கம்பிக்கு நடுவுல டார்ச் அடிச்சேன். உள்ள ஒரு ஓரமா தடியா ஒரு இரும்புத் துண்டு. எந்த ஒயரும் அதுக்குப் போகல. எடைக்காகவே வச்சது.

பழைய இரும்பு லோடுக்கு அடியில கல்லைப் போட்டுட்டு வர்ற டிரைவரை, டயர் அமுங்குறதைப் பார்த்தே பிடிக்கிறவன் எங்கண்ணன். அவனையே ஒரு பெட்டி ஏமாத்திருச்சு. வேற நாளா இருந்தா வச்சு செஞ்சிருப்பேன். அன்னிக்கு மனசு வரல.

"வேகத்தைக் குறைச்சு ஓட்டினா என்ன அண்ணி?"

"ஓடும். நாளைக்குள்ள முடியாதும்மா." "மேனேஜருக்குப் போன் பண்ணித்தான் பார்க்கணும். மன்னிப்புக் கேட்டா சேர்த்துக்குவார்."

அண்ணன் இரும்பு வச்ச அந்தப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு கடைக்குப் போயிட்டான். அங்க என்ன பேசினானோ தெரியாது. கடையிலிருந்தே அண்ணிக்குப் போன் பண்ணினான், ஸ்பீக்கர்ல நானும் கேட்டேன். பெட்டி மேல எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாம படிச்சான். "இதுதானே? நல்லா யோசிச்சு சொல்லு. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது," என்றான். அந்த வார்த்தை அவன் வாயில வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணி கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "அதேதாங்க, எடுத்துட்டு வாங்க," என்றார்கள்.

மாட்டினாங்க. ஓடுச்சு. ஓடிட்டே இருந்துச்சு.

மறுநாள் பில்டர் முன் ரூம்ல உட்கார்ந்து வீடியோ பார்த்தார். நானும் அண்ணனும் சமையல்கட்டுல நின்னோம். "ஜன்னல் இந்தப் பக்கம் வராதா?" "மாடிப்படி அகலம் போதுமா?"ன்னு அவர் குரல் மட்டும் கேட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அண்ணி உள்ள வந்தாங்க. கண்ணெல்லாம் தண்ணி.

"மறுபடி நின்னுருச்சா?" என்றான் அண்ணன்.

"இல்லைங்க. அடுத்து அவர் கட்டப்போற ரெண்டு கட்டடத்துக்கும் என்னையே பண்ணச் சொல்றாரு."

அண்ணன் அப்படியே தரையில உட்கார்ந்துட்டான். பில்டருக்குக் காபி எடுத்துட்டுப் போகணும், எழுந்திருன்னு சொன்னேன்.

"நீ போம்மா," என்றான். "இப்ப என்னால அந்த டம்ளரைக்கூடத் தூக்க முடியாது."